நீலத் தகடு

க்வார்ட்ஸைட், அரிசோனா
செப்டம்பர் 9

கார்வின்,

நீ ஃபோன் செய்தால் எடுக்க மாட்டேன். மகள் ஜோலினிடம் சொல்லியனுப்பினாலும் பேச மாட்டேன். அவள் வீட்டில் ஏழு வாரம் இருந்துவிட்டு நேற்றுதான் என் வீட்டு வண்டிக்குத் திரும்பினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நீ மே மாதம் வந்து என் சன்னல்களில் எல்லாம் ஒட்டிவிட்டுப் போனாயே சன் ஃபிலிம், அதை எப்படி உரிப்பது? இரண்டு சன்னலை வெண்ணெய்க் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். நகம் போனதுதான் மிச்சம். வெள்ளி வெள்ளியாய்த் திட்டாக நிற்கிறது, பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

ஓசியில் செய்து கொடுத்தாய். இல்லை என்று சொல்லவில்லை. உன் அத்தான் லெஸ்டர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் பொறுக்க முடியாமல் தவித்தார், அதையும் மறக்கவில்லை. ஆனால் பகலில் வெளியே நின்று பார்ப்பவனுக்கு அவன் மூஞ்சி மட்டும்தான் தெரியும் என்று உனக்குத் தெரியுமா தெரியாதா? நாற்பது வருஷம் இதே தொழில்தானே செய்தாய்? இந்த வண்டிப் பார்க்கில் கோடையிலும் போகாமல் கிடப்பது பதினோரு வண்டி. எல்லாம் வயதானவர்கள். ஒருத்தர் சன்னலை ஒருத்தர் எட்டிப் பார்த்துத்தான் இங்கே உயிர் பிழைக்கிறோம். அந்தக் கண்ணைக் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

அடக்கத்தன்று உன்னிடம் முழுசாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இப்போது கேட்டுக்கொள். ஜோலினுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று திங்கட்கிழமை டூசான் போனேன். அன்று சாயங்காலம் லெஸ்டரோடு பேசினேன். செவ்வாய் மத்தியானம் கம்பத்தில் கரன்ட் ட்ரிப் ஆகி ஏசி நின்றிருக்கிறது. சரிசெய்யலாம் என்று எழுந்தவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஃபோன் மேசை மேல். புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். வெளியே நூற்றுப் பதினெட்டு டிகிரி. நான் வியாழக்கிழமை வந்து கதவைத் திறந்தேன். அவர் கை வெளியே விழுந்தது.

ஜூலை மாதம் காலைச் சுற்று இமோஜினுடைய முறை. ஒன்பது மணிக்கு ஒவ்வொரு வண்டியாகப் பார்க்க வேண்டியது அவள் பொறுப்பு. பார்த்தேன், கதவுக்கு வெளியே தகடு நீலமாகத்தான் இருந்தது, எழுந்துவிட்டார் என்று நினைத்தேன் என்று அடித்துச் சொல்கிறாள். எந்தத் தகடு? பார்க்கை நடத்துகிற ட்ராய் வந்து தேடினான். கொக்கி இருக்கிறது, தகடு இல்லை. அவள் வரவே இல்லை, ஏசியில் படுத்துக் கிடந்திருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நவம்பர் முதல் தேதிக்குள் இடத்தைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறான் ட்ராய். பதினான்கு வருஷமாக இருக்கிற இடம் அவளுக்கு.

அவள் போகட்டும். எனக்கென்ன.

உரிப்பது எப்படி என்று மட்டும் எழுது.

வெல்டா


துலூத், மின்னசோட்டா
செப்டம்பர் 17

அன்புள்ள அக்கா,

வெண்ணெய்க் கத்தியைக் கீழே போடு. கண்ணாடி கீறிவிடும்.

முதலில் கறுப்புக் குப்பைப் பையை வாங்கு, பெரியது. சன்னல் அளவுக்கு வெட்டு. சோப்புத் தண்ணீர் தெளித்து அதை வெளிப்பக்கம் ஒட்டு. உள்பக்கம் ஃபிலிம் மேல் அமோனியாவைத் தெளித்து இன்னொரு பையை ஒட்டு. வெயில் நேராக விழும் நேரமாகப் பார்த்துச் செய். ஒரு மணி நேரம் வேகவிடு. கதவு திறந்திருக்கட்டும், அமோனியா நெஞ்சை அடைக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள். பிறகு ஒரு மூலையை நகத்தால் கிளப்பி மெதுவாக இழு. அவசரப்பட்டு இழுத்தால் வெள்ளி தனியாக வரும், பசை நின்றுவிடும். பசை நின்றால் மறுபடி தெளி. ஒரு நாளைக்கு இரண்டு சன்னலுக்கு மேல் செய்யாதே, உன் தோள்பட்டை தாங்காது.

என்னைத் திட்ட உனக்கு உரிமை இருக்கிறது. வெளியிலிருந்து தெரியாது என்பது எனக்குத் தெரியும். உங்கள் வண்டியில் இருப்பது இரட்டைக் கண்ணாடி. கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் வெயிலைக் குடித்துக் கண்ணாடியை வெடிக்கவைக்கும். அதனால்தான் வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளியைப் போட்டேன். அத்தான் அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்து கொண்டு கறுப்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? "அடேய் கார்வினு, உலகமே எனக்கு சினிமா காட்டுற மாதிரி இருக்குடா, நான் பாக்கறது ஒரு பயலுக்கும் தெரியாது" என்று குழந்தை மாதிரி சிரித்தார். இமோஜின் நாயோடு போனதைப் பார்த்து என்னென்னவோ கேலி செய்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தப்பு என் ஃபிலிமுடையது என்று ட்ராய்க்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். என் மேலேயே போடு, எல்லாவற்றையும். இங்கே மகன் வீட்டில் மாடி அறையில் இருக்கிறேன், என்னை யார் என்ன செய்துவிட முடியும்.

ஆனால் இமோஜினை விட்டுவிடு அக்கா. அந்தப் பொம்பளைக்குப் போக்கிடம் இல்லை. அவள் வண்டியில் ஏசி கூட அரை உயிரில்தான் ஓடுகிறது.

தகட்டைப் பற்றிக் கேட்காதே. இப்போது வேண்டாம்.

தம்பி
கார்வின்


க்வார்ட்ஸைட்
செப்டம்பர் 28

கார்வின்,

நீ சொன்னபடிதான் செய்தேன். ஏழு சன்னல் முடிந்தது. வெயில் உள்ளே வந்து விழுகிறது, பகல் முழுக்க வண்டி அடுப்பு மாதிரி கொதிக்கிறது, கொதிக்கட்டும்.

கதவுக் கண்ணாடியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்த நீளக் கண்ணாடி இருக்கிறதே, படியிலிருந்து மேலே வரைக்கும். திரும்பி வந்த நாளிலிருந்து அதன் மேல் துண்டைத் தொங்கவிட்டிருந்தேன், பார்க்கத் தெம்பில்லை. நேற்று துண்டை எடுத்தேன்.

அடியில், படியோரத்தில், உன் ஃபிலிமை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்குக் கோடு கோடாக. நடுவில் ஒரு இடம் மட்டும் முழுசாகப் போயிருக்கிறது, ஒரு நாணயம் அளவுக்கு. படிக்கட்டு விரிப்பைத் தூக்கினால் கீழே ஸ்பூன் கிடக்கிறது, காபி ஸ்பூன், முனை மடங்கி.

கார்வின், அவர் அங்கே படுத்துக்கொண்டு ஓட்டை போட்டிருக்கிறார். வெளியில் இருக்கிறவர்களுக்குத் தான் தெரியவேண்டும் என்று. தாழ்ப்பாள் எட்டவில்லை, ஸ்பூன்தான் கையில் இருந்திருக்கிறது. முழங்கால் உயரத்தில் இருக்கிற ஓட்டையை எவள் குனிந்து பார்க்கப் போகிறாள்?

நேராக இமோஜின் வண்டிக்குப் போனேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் படியில் உட்கார்ந்து அழுகிறாள். "நான் வந்தேன்டி வெல்டா. புதன்கிழமை வந்தேன். தகடு நீலமா இருந்துச்சு, சத்தியமா நீலமா இருந்துச்சு. காத்து அடிச்சு என் தொப்பி சாஞ்சு போச்சு. உங்க கதவுல நின்னு சரி பண்ணிக்கிட்டேன். உன் கதவு கண்ணாடி மாதிரி இருக்கே, அதுல பாத்து சரி பண்ணிக்கிட்டு நடந்துட்டேன்" என்றாள்.

உனக்குப் புரிகிறதா? அவள் உதட்டைச் சுழித்துத் தொப்பியைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி அவர் கிடந்திருக்கிறார். உன் ஃபிலிமின் பெருமையே அதுதானே, உள்ளே இருந்து எல்லாம் தெரியும். அவர் அவளைப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டிருப்பார். அவளுக்குத்தான் காது மந்தமாயிற்றே, பக்கத்து வண்டி ஏசி வேறு கத்திக்கொண்டிருக்கும்.

ட்ராயிடம் போனேன். இமோஜின் புதன்கிழமை என் வண்டிப் பக்கமே வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆமாம், அவள் வந்ததாக என்னிடம் சொன்ன பிறகுதான் போட்டேன். தொப்பியைச் சரி பண்ணினாளாம் தொப்பியை.

அந்தக் கண்ணாடியை மட்டும் உரிக்கவில்லை. எப்போது உரிப்பேன் என்று தெரியவில்லை.

வெல்டா


துலூத்
அக்டோபர் 6

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஸ்பூனைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. வேறொன்றை எழுதியே ஆக வேண்டும்.

தகடு என்னிடம் இருக்கிறது.

அது எப்படி வந்ததென்று முதலிலிருந்து சொல்கிறேன், நீ மறந்தது போல் எழுதுகிறாய். உங்கள் பார்க்கில் ஆளுக்கொரு பழைய நம்பர் பிளேட் துண்டு. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. இருட்டினால் சிவப்பு, காலையில் எட்டுக்குள் எழுந்து நீலத்துக்குத் திருப்ப வேண்டும். ஒன்பது மணிச் சுற்றில் சிவப்பாக இருந்தால் கதவைத் தட்டுவார்கள். எல்லோரும் உள்ளே சன்னலில் மாட்டினார்கள். நான் ஃபிலிம் ஒட்டியதும் உங்களுடையது வெளியே தெரியவில்லை. இமோஜின் வந்து சத்தம் போட்டாள். அதனால் நானேதான் கதவோரம் வெளியே கொக்கி அடித்து அதை மாட்டினேன். திருப்ப வேண்டுமானால் படியிறங்க வேண்டும். ஊன்றுகோலோடு இருக்கிற மனுஷனை இரண்டு வேளை படியிறங்க வைத்தேன். அந்த அளவுக்கு என் தப்பு, அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அடக்கத்துக்கு வந்த அன்று நீ உள்ளே படுத்திருந்தாய். நான் படியில் நின்று சிகரெட் பற்றவைத்தேன். தகடு நீலமாக இருந்தது. காற்றில் ஆடவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் மேலும் கீழும் டேப் ஒட்டியிருந்தது. பச்சை டேப், ஃபிலிம் ஓரம் கட்ட நான் கொண்டுவந்தது. மிச்ச உருளையை உன் சமையல் இழுப்பறையில் போட்டுவிட்டு வந்தேன். அத்தான் விரல் நடுங்குகிறவர், டேப்பை அவர் கிழித்தால் பல் பல்லாக வரும். இது கத்தரியால் நேராக வெட்டியது. ஓரத்தைக்கூட மடித்து விட்டிருந்தது, பிறகு உரிக்க வசதியாக. பரிசுப் பொட்டலம் கட்டும்போது நீ மடிப்பாயே, அப்படி.

சட்டென்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல. புருஷனைப் புதைத்த அன்றைக்கு இது வேறு உன் தலையில் விழ வேண்டாம் என்று நினைத்தேன். என்னைத் திட்டினாய், திட்டட்டும், அதிலாவது உனக்குக் கொஞ்சம் ஆறும் என்று இருந்தேன். இமோஜின் தலையில் போய் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நீ கையெழுத்து வேறு போட்டிருக்கிறாய்.

நானே ட்ராய்க்கு அனுப்பியிருக்கலாம். உன்னைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. இந்த உறையோடு தகட்டை அனுப்புகிறேன், டேப்பையும் எடுக்கவில்லை. நவம்பர் ஒன்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கார்வின்


க்வார்ட்ஸைட்
அக்டோபர் 14

உறை வந்தது. கையில் தொட்டுப் பார்த்தேன், உள்ளே தகரம் இருக்கிறது என்று தெரிகிறது. கடிதத்தை மட்டும் உருவிப் படித்தேன். தகட்டை வெளியே எடுக்கவில்லை.

பெரிய ஆள்தான் நீ. எல்லாவற்றையும் சுமப்பவன். மூன்று மாதம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் ஏச்சையும் பேச்சையும் வாங்கிக்கொண்டு இருந்தாயா? அப்படியே இருந்திருக்க வேண்டியதுதானே.

இனி எழுதாதே.


துலூத்
நவம்பர் 4

வெல்டா அக்கா,

எழுதாதே என்றாய். மூன்று வாரம் எழுதவில்லை. முதல் தேதி வந்து போய்விட்டது. எதுவும் தெரியவில்லை. ஜோலினைக் கேட்டால், அம்மா நல்லா இருக்காங்க, அதிகம் பேசறதில்லை என்கிறாள்.

நான் இங்கே இரவெல்லாம் கணக்குப் போடுவதில்லை, உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இமோஜின் எங்கே?

இந்த வாரம் பதில் வராவிட்டால் ட்ராய்க்கு நானே ஃபோன் செய்துவிடுவேன். அதற்குப் பிறகு நீ என்னோடு ஆயுசுக்கும் பேச வேண்டாம். எனக்கு இருப்பது ஒரே அக்கா. இருந்தாலும் செய்வேன்.

கார்வின்


க்வார்ட்ஸைட்
நவம்பர் 23

கார்வின்,

ட்ராய்க்கு நீ ஃபோன் செய்ய வேண்டாம். செய்திருந்தாலும் பரவாயில்லை, அதற்கு முன்பே நானே போய்ச் சொல்லிவிட்டேன். நீ கேட்டதை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன், குறுக்கே எதுவும் கேட்காதே.

அந்தத் திங்கட்கிழமை காலை. நான் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்து, மருந்து எங்கே இருக்கிறது, சூப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு, தகட்டை மறக்காமல் திருப்புங்கள் என்றேன். அவர் கத்தினார். "மூணு நாளும் அந்தத் தகரத்துக்காக நான் படி இறங்கி ஏறணுமா? நான் என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளையா, தினம் ஆஜர் சொல்ல?" திருப்பாவிட்டால் அந்த இமோஜின் வந்து கதவை இடிப்பாளே, அவளோடு இவர் சண்டை போடுவாரே, எனக்கு அங்கே ஃபோன் வருமே என்று நினைத்தேன். படியில் தடுக்கி விழுந்துவிடுவாரோ என்றும் நினைத்தேன். அதுதான் முதலில் நினைத்தேன், அதை நம்பு. கத்தரி எடுத்தேன். டேப்பை வெட்டினேன். காற்றில் திரும்பிவிடக் கூடாதென்று மேலே ஒன்று கீழே ஒன்று. வந்ததும் உரிக்க ஓரத்தை மடித்தேன். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். "இனி யாரும் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்று சொன்னேன். "அதான் என் பொண்டாட்டி" என்றார். முத்தம் கொடுத்துவிட்டுப் போனேன்.

செவ்வாய் சாயங்காலம் ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. காது மிஷினைக் கழற்றிவிட்டுத் தூங்கியிருப்பார் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமையும் எடுக்கவில்லை. இமோஜினைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமா என்று ஃபோனைக் கையில் எடுத்தேன். ஏதாவது என்றால் சுற்றில் பார்த்திருப்பாளே என்று கீழே வைத்தேன். நான்தான் டேப் ஒட்டினேன் என்பது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகமே வரவில்லை கார்வின். என் கையால் செய்ததை நானே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை வந்து படியில் நின்றபோது அதைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. அப்பாடா என்று கூட நினைத்தேன், ஒரு நொடி. பிறகுதான் கதவைத் திறந்தேன். மறுநாள் கழற்றிவிட வேண்டும் என்று இருந்தேன், ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். அடக்கத்துக்கு அடுத்த நாள் போய்ப் பார்த்தால் தகடு இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியாமல் பயந்தே செத்தேன். வாரம் போகப் போக, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. உன் ஃபிலிம்தான் கொன்றது, அவள்தான் கொன்றாள். சொல்லச் சொல்ல நம்பிவிட்டேன்.

நீ அனுப்பிய உறையைச் சோளமாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அக்டோபர் முடியும் வரை அங்கேயே இருந்தது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினேன். முப்பத்தொன்றாம் தேதி காலையில் துணிந்து எடுத்துக்கொண்டு இமோஜின் இடத்துக்குப் போனேன். இடம் காலி. இருபத்தாறாம் தேதியே போய்விட்டாளாம். கனடாக்காரர்கள் பெரிய வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்கள், குளிர்காலம் முழுக்க அந்த இடத்தை எடுத்துவிட்டார்களாம். அந்தம்மாள் எனக்கு பிஸ்கட் கொடுத்தாள்.

மறுநாள் பார்க் கூடத்தில் எல்லோரும் காபிக்குக் கூடியபோது எழுந்து நின்று தகட்டைக் காட்டிச் சொன்னேன். டேப்பைக் காட்டினேன். ட்ராய் எழுந்து வந்து, "ஏங்கம்மா, இத ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா அந்தம்மாவப் போக விட்டிருக்க மாட்டேனே" என்றான். என் கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். அதற்கப்புறம் என் மேசையில் யாரும் உட்காருவதில்லை. சரிதான்.

இமோஜின் எட்டு மைல் தள்ளி, பாலைவனத்தில் சும்மா வண்டி போடுகிற இடத்தில் இருக்கிறாள். கரன்ட் கிடையாது, தண்ணீர் கிடையாது, பக்கத்தில் வண்டியும் கிடையாது. சுற்றி வந்து பார்க்க யாரும் இல்லை. நாயும் செத்துவிட்டது. தேடிக் கண்டுபிடித்துப் போனேன். பழைய இடம் இல்லையென்றாலும் வேறு இடம் தருவதாக ட்ராய் சொல்கிறான், வா என்றேன். கதவைத் திறக்காமலே, "நீ இருக்கற எடத்துல நான் இருக்க மாட்டேன்டி" என்றாள். அப்படியானால் நான் போய்விடுகிறேன், நீ வா என்றேன். "நான் பொய் சொன்னேன்னு பதினோரு வண்டியும் சொல்லிச்சு. ஒருத்தியாவது வந்து கேட்டீங்களா? போ" என்றாள். சன்னல் வழியாகத் தெரிந்தாள். அவள் சன்னல்களில் ஒன்றும் ஒட்டவில்லை, எல்லாம் வெறும் கண்ணாடி. தொப்பி போடவில்லை.

கதவுக் கண்ணாடியை நான் உரிக்கவில்லை. உரிக்கப் போவதும் இல்லை. காலையில் வெயில் அந்த நாணயம் அளவு ஓட்டை வழியாகப் படியில் விழுகிறது. அதைத் தாண்டித்தான் இறங்குகிறேன். தகட்டைப் பழைய கொக்கியில் மாட்டியிருக்கிறேன், டேப் இல்லாமல். தினமும் திருப்புகிறேன்.

திருப்பிவிட்டு எட்டு மைல் ஓட்டிக்கொண்டு போகிறேன். ஒன்பது மணிக்கு இமோஜின் கதவைத் தட்டுகிறேன். அவள் திறப்பதில்லை. "உசுரோடதான் இருக்கேன், போ" என்று உள்ளேயிருந்து கத்துகிறாள். நான் திரும்பி வந்துவிடுகிறேன்.

வெல்டா